பகல் தூக்கத்துக்கு ஏற்ற நாய்

நம் வயசுக்காரர்களுக்கு இப்போது இரண்டே சந்தேகம்தான். முட்டி வலிக்கு எந்தத் தைலம், வீட்டுக்கு எந்த நாய். முதல் சந்தேகம் இன்னும் தீர்ந்தபாடில்லை. இரண்டாவது போன வாரம் நம் காலை நடையில் கிளம்பியது. பிள்ளைகள் இரண்டு பேரையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் நம் சிநேகிதி, கைப்பேசியில் இரண்டு குட்டிகளின் படத்தைக் காட்டினாள். ஒன்று பொமரேனியன், ஒன்று டேஷண்ட். "எதை எடுக்கட்டும், சொல்லுங்கடி" என்றாள். ஆளுக்கொன்று சொன்னீர்கள். ஒன்றுக்கு முடி கொட்டும், இன்னொன்றுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும், இரண்டுமே சொன்ன பேச்சைக் கேட்காத ஜாதி என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. "இன்னாடி, நீ மட்டும் ஊமையாய்ட்டே?" என்று கேலி வேறு செய்தீர்கள்.

பூங்காவில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்பது வயதில் எங்கள் வீட்டில் இதே இரண்டு ஜாதிக்கும் ஒரு பரீட்சை நடந்தது. அந்தப் பரீட்சையில் காப்பி அடித்தது நாய்கள் இல்லை, நான்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்குக் காவலூரில் வேலை. மலைமேல் பெரிய தொலைநோக்கி இருக்கிறதே, அங்கே ராத்திரி டூட்டி. கூரையைத் திறப்பது, விஞ்ஞானிகள் சொல்கிற பக்கம் தொலைநோக்கியைத் திருப்புவது, விடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு வீட்டுக்கு வருவது. வந்ததும் ஒரு சொம்பு கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தால் மத்தியானம் இரண்டு மணிவரை தூங்க வேண்டும். குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளில் இப்படித்தான். ஊர் உலகத்தில் தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடாதே என்பார்கள். எங்களுக்குத் தூங்குகிற அப்பன்களை எழுப்பிவிடாதே என்பார்கள்.

நீங்களெல்லாம் ஒரு தடவை பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று சனிக்கிரகத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். எனக்குக் காவலூர் என்றால் பகலில் மெதுவாகப் பேச வேண்டிய ஊர். கீரைக்காரம்மா கூவமாட்டாள். கம்பிக் கதவில் வளையலால் தட்டுவாள். குக்கர் வாங்கி இரண்டு வருஷமாகியும் மத்தியானத்துக்கு முன்னால் அம்மா அதை அடுப்பில் ஏற்றியதில்லை. சேவல் வளர்க்கக் கூடாது என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம். நட்சத்திரங்களைப் படம் பிடிக்கும் போட்டோ தகடுகளைச் சுற்றி வரும் கறுப்புக் காகிதத்தை நைனா கொண்டுவந்து படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். ஓரத்தில் கிழிந்த இடத்தில் மட்டும் ஒரு நூல் வெளிச்சம் உள்ளே விழும். அந்தக் காகிதத்தில் நானும் அக்காவும் பொம்மைக்குப் பாவாடை வெட்டியிருக்கிறோம். இப்போது அந்த மாதிரிக் காகிதம் எங்கேயும் கண்ணில் படுவதில்லை.

தினசரிக் காலண்டரில் அம்மா அமாவாசையைச் சுழித்து வைப்பாள். விரதத்துக்கு இல்லை. நிலா இல்லாத நாட்களில்தான் நைனாவுக்கு விடிய விடிய வேலை. அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் தும்மினால்கூட முந்தானைக்குள்தான் தும்ம வேண்டும். அக்காவும் நானும் கை ஜாடையிலேயே சண்டை போடப் பழகியிருந்தோம். சத்தமில்லாமல் கிள்ளுவதில் அக்கா கெட்டிக்காரி.

அந்த வருஷம் தை அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் பின்வரிசை வீட்டு மேடத்தின் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. வடக்கத்திக்காரர்கள். போகிற ஊரில் மாடி வீடு, நாய்க்கு இடமில்லையாம். மேடம் இரண்டு கையிலும் இரண்டு நாயைப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா அவருக்குத் தமிழ்ச் சமையல் கற்றுக்கொடுத்த பழக்கம். "இது ரெண்டும் என் புள்ளே இல்லே, மாப்ளே" என்றார் மேடம். "கூப்ட்டா வராது. மரியாதே குடுத்தா வரும்." சொல்லிவிட்டு அழுதார். அழுகிறவரிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள்.

வெள்ளை பொமரேனியனுக்கு நான் பஞ்சு என்று பேர் வைத்தேன். கறுத்த மூக்கு, சிலிர்த்த வால், நடையில் ஒரு ஜமீன்தார்த்தனம். நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் வேறு பக்கம் திரும்பி உட்காருவான். டேஷண்ட் காப்பிக்கொட்டை நிறம். நீளமான உடம்பு, கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். அக்கா அவனுக்கு முருங்கை என்று பேர் வைத்தாள். அவன் வந்த அன்றே அம்மாவின் கொத்துமல்லிப் பாத்தியைத் தோண்டி, உள்ளே தலையை விட்டுக்கொண்டு, கூப்பிட்ட குரலுக்கு வால் நுனியை மட்டும் ஒருமுறை ஆட்டினான். கேட்டுவிட்டது, ஆனால் வரமாட்டேன் என்று அர்த்தம்.

காலையில் வீட்டுக்கு வந்த நைனா இரண்டையும் பார்த்தார். "நாய் வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டிச்சின்னா ரெண்டையும் மூட்ட கட்டிடுவேன்" என்றார். நைனா பேசுவதே குறைவு. பேசினால் அது கல்லில் வெட்டியது.

அம்மா தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டாள். "ரெண்டு நாய் வெச்சிக்க முடியாது. எதிர் வூட்டு அண்ணனும் ராத்திரி டூட்டிதான். மாசி அமாவாசை வரைக்கும் பாக்கறேன். எது உங்க நைனாவ தூங்க வுடுதோ அது இருக்கட்டும். இன்னொண்ணு கண்ணமங்கலத்துக்கு, உங்க பெரிப்பா வூட்டுக்கு." அதற்கு ஒரு கணக்கும் வைத்தாள். பின்கட்டில் தண்ணீர் டிரம்முக்கு மேலே சுவரில் கரியால் இரண்டு கட்டம். ஒருமுறை குரைத்தால் ஒரு கோடு.

முதல் வாரமே பஞ்சுவின் கட்டம் நிரம்பிவிட்டது. எட்டு மணி பஸ்ஸுக்குக் குரைத்தான். குரங்குக்குக் குரைத்தான். மரத்திலிருந்து காய் விழுந்தால் அதற்கு ஒரு குரை, விழாமல் ஆடினால் இரண்டு. முருங்கையின் கட்டத்தில் மூன்றே கோடு. காலை ஆறு மணிக்கு மேல் அவன் எங்கே போகிறான் என்றே தெரியாது. "எங்கனா வளை தோண்டிக்கினு இருக்கும், சனியன். போவட்டும், சத்தமில்ல" என்றாள் அம்மா. அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள். அந்தப் புருவத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

பஞ்சு எனக்கு வேண்டும். வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. அவன் யாரிடமும் வரமாட்டான், ஆனால் நான் வீட்டுப்பாடம் எழுதும்போது பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவான். அந்த முதுகு எனக்கு மட்டும் காட்டப்பட்ட முதுகு என்று நம்பினேன்.

முதலில் சின்னத் திருட்டு. எச்சில் தொட்டுச் சுவரிலிருந்து இரண்டிரண்டு கோடாக அழித்தேன். பிறகு பள்ளிக்கூடம் போகும்வரை பஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் சத்தம் கேட்டதும் அவன் மூக்கையும் தாடையையும் சேர்த்து விரலால் இறுக்கிப் பிடித்தேன். தொண்டைக்குள்ளேயே உறுமல் உருண்டு அடங்கும். என் விரல் அதிரும். சனி, ஞாயிறு முழுக்க இதே வேலை. அம்மா, "பரவால்லயே, உன்கிட்ட அடங்கி கீதே" என்று பாராட்டினாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படியும் முருங்கைதான் முன்னால் இருந்தான். மாசி அமாவாசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை எலிப்பொறியில் ஒரு எலி விழுந்திருந்தது. மரப்பெட்டி, ஒரு பக்கம் கம்பி. உள்ளே கருவாட்டுத் துண்டோடு எலி சுற்றிச் சுற்றி வந்தது. முருங்கையின் ஜாதியே வளைக்குள் புகுந்து வேட்டையாடுவதற்கு வளர்த்த ஜாதி என்று மேடம் சொல்லியிருந்தார். பொறியை எடுத்துக்கொண்டு போய் நைனா தூங்கும் அறையின் ஜன்னலுக்குக் கீழே, விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறைந்து நின்றேன். முருங்கை கொல்லைப் பக்கமாக வாசனை பிடித்து வருவான், ஜன்னலடியில் நின்று குரைப்பான் என்பது என் திட்டம்.

குரைப்பு வந்தது. ஆனால் வெளியிலிருந்து வரவில்லை. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வந்தது. அவ்வளவு சின்ன உடம்பில் அப்படியொரு தொண்டை. அம்மா கரண்டியோடு ஓடி அறைக் கதவைத் திறந்தாள். நானும் பின்னால் ஓடினேன். நைனா எழுந்து உட்கார்ந்திருந்தார். அவர் கட்டிலில், அவர் கம்பளிமேல் நின்றுகொண்டு முருங்கை கறுப்புக் காகிதத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி, வாசப்படி தாண்டினது போதாதுன்னு கட்டில்லயே ஏறிட்டியா!" அம்மா அவனை வாரி எடுத்தாள். "இன்னாங்க இது, இவன் எப்போ உள்ள வந்தான்?"

நைனா கட்டிலைவிட்டு இறங்கினார். ஜன்னல் கதவைக் கொஞ்சம் திறந்து கீழே பார்த்தார். மூடினார்.

"அமாவாசை வரைக்கும் இன்னாத்துக்கு? இன்னிக்கே முடிவு பண்ணிடலாம். எத்த அனுப்பறது, நீங்களே சொல்லுங்க."

"எதுவோ ஒண்ணு. என்ன ஏன் கேக்கற?" என்றார் நைனா. கம்பளியை மடிக்க ஆரம்பித்தார். ஒரு கம்பளியை மடிக்க அவ்வளவு நேரம் ஆகாது. கட்டிலில் ஏறியவன்தான் போக வேண்டும் என்று அம்மாவே முடிவு செய்தாள்.

செவ்வாய்க்கிழமை பெரியப்பா வந்து முருங்கையைக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பைக்கு வெளியே தலை மட்டும் நீட்டியிருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சத்தம் வரக் கூடாதே. நான் ஜெயித்துவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று மத்தியானம் எனக்கு நல்ல பசி. சாயங்காலம் விறகுக் குவியலில் பொறியைத் தேடினேன். பொறி இருந்தது. கதவு திறந்திருந்தது, எலி இல்லை. அதைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

அதற்கப்புறம்தான் நைனாவின் தூக்கம் போனது. முதலில் யாருக்கும் தெரியவில்லை. கண் சிவந்திருந்தது. கஞ்சி குடிக்கும்போதே சொம்பைப் பிடித்தபடி தலை தொங்கியது. ஆனால் போய்ப் படுத்தால் கட்டில் கிறீச்சிடும், மறுபடி கிறீச்சிடும். பத்து மணிக்கெல்லாம் எழுந்து பின்கட்டில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் சவரம் செய்துகொள்ளும்போது கை தவறிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டார். அம்மா பயந்துபோய் ஆலங்காயத்து டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி டூட்டி பார்க்க முடியாது என்று நைனா அதை மாடத்தில் வைத்துவிட்டார்.

அம்மாவுக்குக் காரணம் ஒன்றுதான் தெரியும். சத்தம். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் விரல் நுனியில் நடந்தாள். பாத்திரத்துக்கு அடியில் துணி விரித்தாள். கடைசியில் பஞ்சுவைப் பார்த்தாள். "இதுதான் அவர தூங்க வுட மாட்டேங்குது. இத்தயும் அனுப்பிடறேன். வூட்டுக்கு நாயே வேணாம்."

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து பஞ்சுவை மடியிலிருந்து இறக்கவேயில்லை. பல் தேய்க்கவில்லை. இட்லி வேண்டாம் என்றேன். பஸ் வந்தது, குரங்கு வந்தது, நான் பிடித்த பிடியை விடவில்லை. ஒரு கோடுகூட விழாமல் பத்து மணி ஆனது. பார், பஞ்சு குரைக்கவில்லை, நைனா நன்றாகத் தூங்குகிறார் என்று அம்மாவிடம் நிரூபிக்க வேண்டும். அதற்காகத்தான் அவனை இறக்கிவிட்டு மெல்ல அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன்.

நைனா தூங்கவில்லை. ஒருக்களித்துப் படுத்திருந்தார், கண் திறந்திருந்தது. ஒரு கையால் கம்பளியின் ஓரத்தைக் கால் பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், யாரோ உள்ளே நுழைய வழி விடுகிற மாதிரி. ராத்திரி டூட்டிக்குப் போட்டுப்போகும் அவருடைய ஸ்வெட்டர் கொடியில் தொங்கியது. கிழிசல் வழியாக வந்த வெளிச்சத்தில் அதில் சின்னச் சின்னக் காப்பிக்கொட்டை நிற முடிகள் தெரிந்தன. ஒன்பது வயதுக்கு நான் கொஞ்சம் சூட்டிகைதான். புரிந்துவிட்டது.

"நைனா, முருங்க இங்கதான் படுத்துக்கினு இருந்தானா?"

கம்பளியைச் சட்டென்று கீழே விட்டார். பிறகு சிரித்தார். "தெனம் வந்துடுவான். நான் வர்றதுக்கு முன்னாடியே கட்டிலுக்கு அடியில படுத்திருப்பான். உங்கம்மா கதவ சாத்தினதும் மேல ஏறி காலாண்ட சுருண்டுக்குவான். கொறட்ட வுடுவான் பாரு, உங்க பெரிப்பா தோத்தாரு. அத்த கேட்டுக்கினே தூங்கிடுவேன்."

"சத்தம் கேட்டா உனக்குத் தூக்கம் வராதே?"

"யாரு சொன்னது?" என்று கேட்டார் நைனா. "பகல்ல நான் ஒருத்தன் இருட்டுல படுத்துக்கினு கெடப்பேன். வெளியில நீங்கல்லாம் சாவு வூட்ல பேசற மாதிரி குசுகுசுன்னு பேசுவீங்க. அத்த கேட்டா எப்படித் தூக்கம் வரும்? நான்தான் செத்துட்டனோன்னு தோணும்."

அத்தனை வருஷமாக நாங்கள் கிள்ளியும் ஜாடை காட்டியும் காத்துவந்த மௌனம் அது. அம்மா ஆசையாக வாங்கிய குக்கரை மூலையில் வைத்துக் காத்த மௌனம். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தனக்காகப் பிள்ளைகள் இவ்வளவு அடங்கி இருக்கிறார்களே, அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டார். அம்மாவும் ஒருமுறை கேட்டிருக்கலாம். இப்போது எனக்கும் வயதாகிவிட்டது, என் வீட்டுக்காரரிடம் நான் கேட்காத கேள்விகள் எத்தனை இருக்கின்றன என்று எனக்கே தெரியும். அதனால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

"நைனா, எலிப்பொறிய நான்தான் வெச்சேன்."

"தெரியும்" என்றார். "எலிய நான்தான் தொறந்து வுட்டேன்."

"அப்போ ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது? வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொன்னவனே நான். நீ ஒண்ண மறச்ச, நான் ஒண்ண மறச்சேன். சரியா போச்சு, போ."

சரியாகப் போகவில்லை. நேராக அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா கையிலிருந்த கரண்டியாலேயே முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஸ்வெட்டர்ல அத்தன முடி. கம்பளி உதுருதுன்னு நெனச்சிக்கினு இருந்தேனே" என்று தன் தலையில் அடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள். கோபம் போயிருந்தது. அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

"எதிர் வூட்டு அண்ணனுக்காக ஒரு நாய்தான் வெச்சிக்க முடியும். அது உனக்கே தெரியும். எதுன்னு நீயே சொல்லு. நீ பஞ்சுன்னு சொன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பஞ்சு பின்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே, "முருங்க" என்றேன். சொன்னதும் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி நைனாவுக்கு இரண்டு நாள் லீவு. ஒயர் கூடையில் பழைய பாவாடையை விரித்து, அதில் பஞ்சுவை உட்கார வைத்து, நானும் நைனாவும் கிளம்பினோம். ஆலங்காயம், வாணியம்பாடி, வேலூர் என்று பஸ் மாறி மாறிக் கண்ணமங்கலம் போய்ச் சேர்ந்தோம். பெரியப்பாவுக்கு ஆரணி ரோட்டின் மேலேயே பஞ்சர் கடை. பெரியப்பா சாதாரணமாகப் பேசினாலே எதிர்க்கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

"வாடா தம்பி, வா! வந்து உன் ஆள இட்டுக்கினு போ! உங்க அண்ணியோட கனகாம்பரம் மொத்தத்தையும் தோண்டிட்டான்! நேத்து என் ஸ்பானர கொண்டுபோய் பொதச்சி வெச்சிட்டான்!"

முருங்கை டயர்க் குவியலுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். ஓடி வரவில்லை. அவன் வேகத்தில் நடந்து வந்து நைனாவின் செருப்பை மோந்தான், காலை மோந்தான். அப்புறம் அவர் காலடியில் சுருண்டு படுத்துக்கொண்டு பெருமூச்சு விட்டான். நைனா குனிந்து அவன் காதைத் தடவினார். பெரியப்பா பேசியது எதுவும் அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

நான் பஞ்சுவைக் கூடையிலிருந்து இறக்கினேன். அப்போது ஒரு லாரி போனது. பஞ்சு காதை நிமிர்த்தினான். பழக்கதோஷத்தில் என் கை அவன் வாயைப் பிடிக்கப் போனது. அவன் சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். அடிக்கக் கை ஓங்கினால் ஒதுங்குமே, அப்படி.

"ஏன் பாப்பா புடிக்கற? கொரைக்கட்டும் வுடு" என்றார் பெரியப்பா. "இந்த ரோட்ல கொரைக்காத நாய்க்கு இன்னா வேல?"

கையை எடுத்துக்கொண்டேன். பஞ்சு என்னை ஒருமுறை பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். நாலு காலையும் ஊன்றிக்கொண்டு குரைத்தான். லாரிக்குக் குரைத்தான், சைக்கிளுக்குக் குரைத்தான், கரும்பு வண்டிக்குக் குரைத்தான். உடம்பு முழுக்கத் தூக்கித் தூக்கிப் போட்டது. யாரும் அதட்டவில்லை. வால் சாமரம் மாதிரி ஆடியது. என் மடியில் இருந்த ஒரு நாள்கூட அந்த வால் அப்படி ஆடியதில்லை. அவன் மேல் எனக்கு அவ்வளவு ஆசை, ஆனால் அவனை நான் ஒரு பருவம் முழுக்க மூச்சு முட்டப் பிடித்துவைத்திருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவன் சந்தோஷமாக இருந்தது அதைவிட வலித்தது. கிளம்பும்போது, "பஞ்சு" என்று கூப்பிட்டேன். அவன் ஒரு மாட்டு வண்டியைப் பார்த்துக் குரைப்பதில் மும்முரமாக இருந்தான்.

திரும்பும்போது நைனா முருங்கையைத் துண்டுக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஆலங்காயத்தில் மலைபஸ் ஏறினோம். காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிற கடைசி பஸ். முதல் வளைவு வருவதற்குள் துண்டுக்குள்ளிருந்து குறட்டை கேட்டது. இரண்டாவது வளைவில் நைனாவின் தலை சரிந்து என் தோளில் விழுந்தது. கனமான தலை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அவர் அப்படித் தூங்கி யாரும் பார்க்கவில்லை. பஸ் திரும்பும்போதெல்லாம் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தோள் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கை மரத்துப்போனது.

காவலூர் வந்தது. பஸ் நின்றது. கண்டக்டருக்கு எங்களைத் தெரியும். "இன்னா பாப்பா, எறங்கல?" என்றார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவர் நைனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விசில் ஊதாமல் பஸ்ஸின் பக்கவாட்டில் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பியது. எங்கள் குவார்ட்டர்ஸ் திருப்பம் ஜன்னலுக்கு வெளியே பின்னால் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜமுனாமரத்தூரில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் நைனா கண் விழித்தார். சுற்றிப் பார்த்தார், ஒன்றும் புரியவில்லை. துண்டிலிருந்து குதித்த முருங்கை அதற்குள் கீழே இறங்கி பஸ் ஸ்டாண்டு மண்ணைத் தோண்ட ஆரம்பித்திருந்தான்.

"இன்னாம்மா, நம்ம ஊர் தாண்டிடுச்சா? ஏன் எழுப்பல?"

"பஞ்சுவ குடுத்துட்டு வாங்கின தூக்கம் நைனா" என்றேன். "பாதியில எப்படி எழுப்பறது?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்தது முழுக்க, சத்தமாக, ஊரே கேட்கிற மாதிரி வந்தது. ஒன்பது வயதுப் பெண்ணை யாரும் இடுப்பில் தூக்குவதில்லை. நைனா தூக்கிக்கொண்டார். "அழு" என்றார். "நல்லா சத்தமா அழு."